கதவுப் பூட்டு மக்கர் செய்கிறதா? நாமே கழற்றிப் பார்க்கலாம்

முதலில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வேலைக்கு வருவோம். எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவின் கைப்பிடி கொஞ்ச நாளாகவே தொங்கிப்போய்க் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி, நடுவில் ஓடும் சதுரக் கம்பியையும் உருவி, எல்லாவற்றையும் வெளியே ஹாலில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு, உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அறைக்குள் போனேன். ஜன்னலிலிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள், கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவர் வெளியே, சதுரக் கம்பி வெளியே, போன் வெளியே சார்ஜில். உள்ளே நான், ஒரு கட்டில், ஒரு பீரோ. முக்கால் மணி நேரம் கழித்து மேஜை டிராயரில் கிடந்த கத்தரிக்கோலின் இரண்டு அலகையும் சேர்த்து அந்தச் சதுர ஓட்டைக்குள் விட்டுத் திருகியபோது நாக்கு, அதாவது கதவு விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தத் துண்டு, உள்ளே போய்க் கதவு திறந்தது.

அதனால் முதல் வேலை இதுதான்: கதவை அகலத் திறந்து, அடியில் குழவிக்கல்லோ இரண்டு செங்கல்லோ முட்டுக் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வேலை முடிகிற வரை அந்தக் கதவு சாத்தவே கூடாது. இன்னொன்று, வாசல் கதவு என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். ஹார்டுவேர் கடை பூட்டியிருந்தால் ராத்திரி முழுக்க ஓட்டைக் கதவோடு காவல் இருக்க வேண்டியதுதான்.

பூட்டில்தான் கோளாறா?

பூட்டு மாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பூட்டு நன்றாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். கதவைத் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். நாக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது, உள்ளே போகிறது, ஆனால் கதவைச் சாத்தினால் மட்டும் மல்லுக்கட்டுகிறது என்றால் பூட்டைத் தொடாதீர்கள். கதவு நகர்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை இழுத்து ஊதிக்கொள்ளும். அப்படி இல்லாவிட்டால் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவின் பூட்டுப் பக்கம் ஒரு நூல், இரண்டு நூல் கீழே தொங்கியிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கியபடி சாவியைத் திருப்புங்கள், சுலபமாகத் திரும்பினால் சந்தேகமே வேண்டாம், கீல்தான்.

கீல் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். முறுக்க முறுக்கச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் மரத்தில் ஓட்டை பெருத்துவிட்டது என்று பொருள். விளக்கமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்குச்சியை உருவி, ஃபெவிகாலில் தோய்த்து, அந்த ஓட்டையில் நெருக்கமாகத் திணித்து, வெளியே நீட்டுவதை ஒடித்துவிட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் ஸ்க்ரூவை ஏற்றுங்கள். பிடித்துக்கொள்ளும்.

கீல் சரியாக இருந்தும் நாக்கு எங்கேயோ இடிக்கிறது என்றால், எங்கே என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் செய்கிற வழி: கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கின் நுனியில் தடவி, கதவைச் சாத்தி, நாக்கு கதவு நிலையின் சட்டத்தில் முட்டும்படி சாவியைத் திருப்புவது. திறந்து பார்த்தால் நிலையில் அறைந்திருக்கும் தகட்டில் சிவப்பாகத் தடம் இருக்கும். துளைக்கு மேலே விழுந்திருக்கிறதா, கீழேயா, எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் அந்தத் தகட்டின் துளையை அரத்தால் ராவினாலே போதும். அதற்கு மேல் என்றால் தகட்டைக் கழற்றி இடம் மாற்றி அறைய வேண்டும். அதுவும் பெரிய வேலை இல்லை.

சரி, கதவு திறந்திருக்கும்போதே சாவி இறுகுகிறது. அப்போதும் உடனே கழற்றாதீர்கள். முதலில் யார் எண்ணெய் விட்டார்கள் என்று விசாரியுங்கள். நம் வீடுகளில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய், அது ஒரு பழக்கம். விட்ட அன்று அருமையாக வேலை செய்யும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிசின் மாதிரி ஆகிவிடும், குளிர்கிற மார்கழி விடியலில் உறைந்தும் போகும். சாவி போடுகிற துளைக்குள் எண்ணெய் வேண்டாம். பென்சில் முனையைச் சாவியின் பல்லில் இரண்டு பக்கமும் கறுக்கத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, மறுபடி தேய்த்து, இப்படிப் பத்துத் தடவை செய்யுங்கள். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அது உலர்ந்தபடியே வழுக்கும், தூசியைப் பிடிக்காது. ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை அதன் மெல்லிய குழாயால் உள்ளே அடித்துச் சாவியை விட்டு விட்டுத் துடையுங்கள், கறுப்பாக அழுக்கு வரும், வருவது நிற்கிற வரை அடித்து, காயவிட்டு, அப்புறம் பென்சில். இதிலேயே பல பூட்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் கழற்றலாம். ஸ்டார் முனை ஒன்று, தட்டை முனை ஒன்று என இரண்டு ஸ்க்ரூ டிரைவர், 2.5 மற்றும் 3 மி.மீ. ஆலன் கீ (வளைந்த அறுகோணக் கம்பி), ஒரு மெல்லிய ஆணி அல்லது நிமிர்த்திய ஜெம் கிளிப், அளக்க டேப், ஸ்க்ரூ போட்டு வைக்க ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டு சும்மா சொல்லவில்லை, பூட்டு ஸ்க்ரூ கீழே விழுந்தால் நேராகக் கட்டிலுக்கு அடியில்தான் போகும், அது ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. பவர் டிரில் வேண்டாம், கை போதும். பெயின்ட் அடித்தவர்கள் ஸ்க்ரூ தலையையும் சேர்த்து அடித்திருந்தால் ஆணி முனையால் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை வையுங்கள், இல்லாவிட்டால் தலை தேய்ந்துவிடும். ஏற்கெனவே தேய்ந்த தலை என்றால் அகலமான ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள், பல நேரம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம்.

உருண்டைக் கைப்பிடி

பாத்ரூம் கதவிலும் அறைக் கதவிலும் இருக்கிற உருண்டைக் குமிழ். ஒரு பக்கம் சாவித் துளை, மறுபக்கம் அழுத்துகிற பொத்தான். இதைப் பார்த்தால் ஸ்க்ரூவே கண்ணில் படாது, அதனால்தான் பலர் இதை உடைத்து எடுக்கிறார்கள். உடைக்க வேண்டாம். பொத்தான் இருக்கிற உள்பக்கக் குமிழின் கழுத்தை, அதாவது குமிழும் வட்டத் தட்டும் சேருகிற அந்தக் குறுகலான இடத்தை, விரலால் தடவிக்கொண்டே சுற்றிவாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளையோ சின்ன நீளக் கீறலோ தட்டுப்படும். அதற்குள் ஆணி முனையை விட்டு அழுத்தினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் கொக்கி இறங்கும். அழுத்தியபடியே குமிழை உங்கள் பக்கம் இழுங்கள். வரவில்லையா, குமிழை மெல்லச் சுற்றிக்கொண்டே அழுத்துங்கள், ஏதோ ஒரு இடத்தில் கொக்கி துளைக்கு நேராக வந்து கொடுத்துவிடும்.

குமிழ் போனதும் வட்டத் தட்டு. அதன் ஓரத்தில் ஒரு இடத்தில் சின்னப் பள்ளம் இருக்கும், தட்டை முனையை அங்கே வைத்து நெம்பினால் மூடி கழன்றுவிடும். கதவின் பாலிஷ் கீறாமல் இருக்க அடியில் ஒரு மடித்த துணி வையுங்கள். மூடிக்குப் பின்னால்தான் அந்த இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள். அவற்றைக் கழற்றும்போது இன்னொரு கையால் வெளிப்பக்கக் குமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைத் தாங்கிக்கொண்டிருப்பது இந்த இரண்டும்தான், கழன்றதும் தடாலென்று தரையில் விழும், டைல்ஸ் விரிசல் விட்ட வீடு எனக்குத் தெரியும். கடைசியாகக் கதவின் விளிம்பில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் நாக்கு, தன் குழாயோடு உருவிக்கொண்டு வந்துவிடும்.

சாவிப் பக்கக் குமிழை மட்டும் தனியே எடுக்க வேண்டும் என்றாலும் இதே கொக்கி வேலைதான். ஆனால் பெரும்பாலும் சாவியைப் போட்டுக் கால் சுற்று திருப்பிய நிலையில்தான் கொக்கி இறங்கும். பூட்டிய அறையை வெளியிலிருந்து கழற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கழுத்தில் துளையே இல்லை, வட்டத் தட்டிலேயே இரண்டு ஸ்க்ரூ தெரிகிறது என்றால் உங்கள் வேலை பாதி. இரண்டையும் கழற்றுங்கள், இரண்டு பாதியும் பிரிந்துவிடும்.

புதியது மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் நாக்கு, பிறகு வெளிப்பாதி, பிறகு உள்பாதி. நாக்கின் சாய்வுப் பக்கம் கதவு சாத்துகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும், அதுதான் நிலையில் முட்டியதும் சறுக்கி உள்ளே போகிற பக்கம். மாற்றி வைத்தால் கதவு சாத்தவே சாத்தாது. இதை ஒரு தடவையாவது தப்பாக வைக்காதவர் இல்லை. உள்ளே நாக்கின் வால் பகுதி குமிழ் உடம்பின் கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று விளிம்புப் பக்கமாக எட்டிப் பாருங்கள். மாட்டாமல் ஸ்க்ரூவை இறுக்கினால் குமிழ் சுற்றும், நாக்கு அசையாது.

சில நாக்குகளின் பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஒரு குட்டிக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது வீணுக்கு இல்லை. கதவு சாத்தியதும் அது நிலைத் தகட்டில் அழுந்தி நிற்க வேண்டும், அப்போதுதான் யாரும் வெளியிலிருந்து பிளாஸ்டிக் அட்டையைச் செருகி நாக்கைத் தள்ள முடியாது. தகட்டின் துளை பெரிதாக இருந்து அந்தக் கம்பியும் உள்ளே விழுந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

கைப்பிடியும் சாவியும் உள்ள பெரிய பூட்டு

இப்போது வருகிற அபார்ட்மென்ட்களில் வாசலுக்கும் படுக்கையறைக்கும் பெரும்பாலும் இதுதான், கடையில் மோர்டைஸ் பூட்டு என்று கேட்க வேண்டும். கதவின் தடிமனுக்குள் குடைந்து ஒரு தகரப் பெட்டியைச் செருகியிருப்பார்கள், அதுதான் பூட்டின் உடம்பு. அதன் குறுக்கே 8 மி.மீ. சதுரக் கம்பி ஓடும், அதன் இரு முனையிலும் கைப்பிடிகள். கீழே சாவி போடுகிற சிலிண்டர், முனையை நேராகப் பார்த்தால் உருண்டைத் தலையும் கீழே தொங்கும் வாலுமாக இருக்கும். உடம்பு, கைப்பிடி, சிலிண்டர் மூன்றும் தனித்தனிப் பொருள்கள். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கே காரணம் இந்த ஒன்றுதான். சாவி தொலைந்தால் சிலிண்டர் மட்டும், கைப்பிடி உடைந்தால் கைப்பிடி மட்டும். கடையில் முழு செட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், ‘இது தனியா வராது சார்’ என்பார்கள். வரும், அடுத்த கடையைப் பாருங்கள்.

சிலிண்டரைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. கதவின் விளிம்பில் நீளமான தகடு தெரியும். அதில் மேலும் கீழும் மரத்தில் ஏறுகிற இரண்டு ஸ்க்ரூ இருக்கும், அவற்றை விடுங்கள். சாவித் துளைக்கு நேராக, அதே உயரத்தில், தனியாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் வந்துகொண்டே இருக்கும், விரல் நீளத்துக்கும் மேலே. முழுக்க எடுத்துவிடுங்கள். இப்போது சாவியைப் போட்டு, கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு நகர்கிற மாதிரி, அதற்கும் குறைவாக, கொஞ்சமே திருப்பி அங்கேயே வைத்துக்கொண்டு சாவியையே பிடியாக வைத்து இழுங்கள். சிலிண்டர் நடுவில் ஒரு பல் இருக்கிறது, அதுதான் நாக்கைத் தள்ளுகிறது. சாவியை உருவினால் அந்தப் பல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் வெளியே வராது. சாவியைக் கொஞ்சம் திருப்பினால் பல் உடம்புக்குள் நேராக மறைந்துகொள்ளும், அந்தக் கணத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இழுத்து வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், சாவியை ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி. ‘ணக்’ என்று விடுகிற இடம் கைக்குத் தெரியும்.

கைப்பிடி தொங்குகிற கோளாறுக்கு வருவோம். நீளத் தகட்டோடு வரும் கைப்பிடி என்றால் தகட்டின் மேலும் கீழும் ஸ்க்ரூ தெரியும். தகடே இல்லாமல் வட்டமாக ஒரு மூடி மட்டும் என்றால், கைப்பிடியின் கழுத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள், ஆலன் கீ போடுகிற ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் கைப்பிடி வரும், பிறகு மூடியைத் திருகியோ நெம்பியோ எடுத்தால் உள்ளே ஸ்க்ரூக்கள். இரண்டு பக்கமும் கழற்றியதும், சதுரக் கம்பியை மட்டும் உடம்பின் ஓட்டையில் விட்டுக் கையால் திருப்பி விடுங்கள். நாக்கு உள்ளே போய், விட்டதும் தானே வெளியே பாய்ந்து வருகிறதா? அப்படியானால் உடம்பு நலம், கைப்பிடித் தகட்டின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்தான் ஒடிந்திருக்கிறது, கைப்பிடி ஜோடியை மட்டும் வாங்குங்கள். கம்பியைத் திருப்பினாலும் சோம்பேறித்தனமாக அப்படியே நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் போய்விட்டது, உடம்பை எடுக்க வேண்டும்.

உடம்பை எடுக்க விளிம்புத் தகட்டின் மேல், கீழ் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, சதுர ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே விட்டு இரண்டு பக்கமும் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். சிலிண்டரை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும் என்பதை மறந்தால் வராது. பாலிஷோ பெயின்ட்டோ தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் கத்தி முனையால் ஒரு கோடு போட்டுவிட்டு இழுங்கள், இல்லாவிட்டால் மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும். சுத்தியலால் தட்டுகிற வேலையே வேண்டாம்.

உடம்பைத் திறந்து உள்ளே பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. மேஜையில் படுக்க வைத்து, மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை மேலே தூக்காமல் மெல்ல வழுக்கி எடுத்து, உடனே படம் எடுத்துவிடுங்கள். அதற்குள் ஒரு ஸ்பிரிங் எங்கேயாவது பறந்திருக்கும் என்பது வேறு விஷயம். தூசியைப் பிரஷ்ஷால் துடைத்து, உலோகம் உலோகத்தில் உரசுகிற இடங்களில் மட்டும் கிரீஸ் ஒரு சொட்டு வைத்து மூடலாம். கிரீஸ் உடம்புக்கு மட்டும், சிலிண்டருக்குள் போகக் கூடாது.

சிலிண்டரைப் பிரிக்காதீர்கள், அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஐந்தாறு சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங், அதன் முன்னால் ஒன்றோடொன்று முட்டி நிற்கும் இரண்டு பித்தளைப் பொடிக் கம்பிகள். சாவியின் மேடு பள்ளம் எல்லாக் கம்பிகளையும் அதனதன் உயரத்துக்குத் தள்ளி, இரண்டு கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளிகள் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் நடு உருளை சுற்றும், ஒன்று அரை மில்லிமீட்டர் தப்பினாலும் சுற்றாது. கம்பி விழுந்து அடைக்கிற மரப் பூட்டு பழைய எகிப்திலேயே உண்டு. அதே யோசனையைச் சட்டைப் பைக்குள் அடங்கும் தட்டைச் சாவியாக 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் கொண்டுவந்தார், இன்றைக்கும் நம் கையில் இருப்பது அதுதான். நம் திண்டுக்கல் பூட்டு வேறு ஜாதி. அதில் கம்பிக்குப் பதில் அடுக்கடுக்காகத் தகட்டு நெம்புகோல்கள், சாவி ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெட்டிக்கும் கேட்டுக்கும் இன்றும் நான் அதைத்தான் வாங்குவேன். சரி, விஷயம் என்னவென்றால், நடு உருளையை அப்படியே உருவினால் அத்தனை பொடிக் கம்பியும் ஸ்பிரிங்கும் மழையாகக் கொட்டும், எது எந்தக் குழி என்று உங்களுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. நான் ஒரு வாரம் வீடு கூட்டும்போதெல்லாம் பொறுக்கினேன், கடைசியில் புதுச் சிலிண்டர்தான் வாங்கினேன்.

கடைக்குப் போகும் முன்

பழையதைக் கையோடு எடுத்துப் போவதுதான் சிறந்த அளவு. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாதவர்கள் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு மொத்த நீளம் மட்டும் போதாது. அந்த நீள ஸ்க்ரூ ஏறுகிற துளையின் நடுவிலிருந்து வெளிப்பக்க முனை வரை ஒரு அளவு, உள்பக்க முனை வரை ஒரு அளவு. 30-30 என்றால் 60 மி.மீ. சிலிண்டர், 35-35 என்றால் 70. சில கதவுகளில் 30-40 என்று ஒருபக்கம் நீண்டும் இருக்கும், அதில் எந்தப் பக்கம் நீளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீளம் அதிகமாக வாங்கிச் சிலிண்டர் வெளித் தகட்டைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றால் திருடனுக்கு நீங்களே பிடி கொடுத்த மாதிரி. ஸ்க்ரூ துளை இருக்கிற நடுப்பகுதிதான் சிலிண்டரில் மெலிந்த இடம், நீட்டிக்கொண்டிருப்பதைக் குறடால் பிடித்து முறித்தால் அங்கேதான் ஒடியும். தகட்டோடு சமமாக, மிஞ்சினால் 2 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம்.

உடம்புக்கும் நீளத் தகட்டுக் கைப்பிடிக்கும், சதுர ஓட்டையின் நடுவிலிருந்து சாவித் துளையின் உருண்டைத் தலை நடு வரை உள்ள தூரம் முக்கியம். நம் ஊரில் 85 மி.மீ. பரவலாகக் கிடைக்கிறது, வேறு அளவும் உண்டு, ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் தகடு உட்காராது. உருண்டைக் குமிழுக்குக் கதவு விளிம்பிலிருந்து பெரிய துளையின் நடு வரை அளந்தால் 60 அல்லது 70 மி.மீ. வரும். எல்லாவற்றுக்கும் கதவின் தடிமன் தேவை.

வாசல் கதவுக்கு இரண்டு பக்கமும் சாவி போடுகிற சிலிண்டரை நான் வாங்க மாட்டேன். உள்ளே திருகுகிற குமிழ் உள்ளதைக் கேளுங்கள். தீயோ புகையோ என்றால் இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தவிர, உள்ளே சாவியைச் செருகியபடி தாத்தா தூங்கிவிட்டால் பல சிலிண்டர்களில் வெளிச்சாவி வேலை செய்யாது, அப்புறம் தெருவே கூடிக் கதவைத் தட்ட வேண்டும்.

பித்தளையா என்று காந்தம் வைத்துச் சோதிப்பார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு என்பது சரி, ஒட்டாததெல்லாம் பித்தளை இல்லை, மலிவான கைப்பிடிகள் துத்தநாகக் கலவை, அதிலும் ஒட்டாது. ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பளபளப்பு பூசியது வேண்டாம், உப்புக் காற்றில் சீக்கிரமே கொப்புளம் விடும், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு யோசனை. அந்தச் சாவி இதற்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்ததோ. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், பழையதை அதன் சாவியோடு பொட்டலம் கட்டி பீரோவில் வையுங்கள், காலி செய்யும்போது அதை மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம்.

மாட்டும்போது

உடம்பு, சதுரக் கம்பி, கைப்பிடிகள், கடைசியில் சிலிண்டர். உடம்பைச் செருகும் முன் குடைந்த பள்ளத்தில் இருக்கும் மரத்தூளை ஊதிவிடுங்கள், புது உடம்பு ஒரு நூல் பெரிதாக இருந்தால் உளியால் சீவ வேண்டிவரும். அதிகம் சீவ வேண்டியிருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டுவிடுங்கள். பள்ளத்தின் இரு பக்கமும் மிஞ்சியிருப்பது மெல்லிய மரம், ஒரு தட்டு தப்பினால் உளி வெளியே எட்டிப் பார்க்கும். வலப்பக்கக் கதவுக்கும் இடப்பக்கக் கதவுக்கும் நாக்கின் சாய்வு மாறும், பல உடம்புகளில் நாக்கை இழுத்துத் திருப்பி வைக்க வசதி இருக்கும், வாங்கும்போதே கடைக்காரரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லா ஸ்க்ரூவையும் முதலில் பாதி வரை ஏற்றி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, தகடு நேராக உட்கார்ந்த பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். கைப்பிடித் தகட்டின் குறுக்கு ஸ்க்ரூவை மூச்சைப் பிடித்து முறுக்கினால் இரண்டு தகடும் சதுரக் கம்பியை நெருக்கிப் பிடித்து, புதுக் கைப்பிடியே பழையது மாதிரி இறுகும். நிறையப் பேர் புதுப் பூட்டு சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போவது இதனால்தான். அரைச் சுற்று தளர்த்தினால் தீர்ந்தது.

சிலிண்டரின் நீள ஸ்க்ரூ துளையில் பிடிக்கவில்லை என்றால் சாவியோடு சிலிண்டரை முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கில் அசைத்துக்கொண்டே திருகுங்கள். கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது, குழவிக்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, இல்லையா? அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பத்துத் தடவை, புதுச் சாவிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, பூட்டித் திறந்து பாருங்கள். டூப்ளிகேட் சாவி ஒன்று சண்டித்தனம் செய்தால் இப்போதே தெரிந்துவிடும். அப்புறம் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, இருவர் கையிலும் சாவி, அதன் பிறகே கதவைச் சாத்துங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பாத்ரூம் குமிழை மாட்டும்போது வெளிப்பக்கம் நடுவில் ஒரு கீறலோ துளையோ இருக்கிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு அழுகிற பிள்ளையை வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசாலோ ஜெம் கிளிப்பாலோ திறந்து எடுத்துவிடலாம். என் அக்கா மகன் மூன்று வயதில் அப்படி மாட்டியபோது வீட்டில் அத்தனை பேரும் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தோம், கீறல் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது, எதிர்வீட்டு மாமிதான் காசைக் கொண்டுவந்து திருப்பிவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் பழைய சாவிகளைக் கொத்திலிருந்து அன்றைக்கே கழற்றிவிடுங்கள், வெளியூரில் இருப்பவர் கொத்தில் ஒன்று இருந்தால் போன் செய்து சொல்லிவிடுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, கரண்ட் இல்லாத மாடிப்படியில் நின்றுகொண்டு, பழைய சாவியைப் புதுப் பூட்டில் முறுக்கி உடைத்தால் இந்தக் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டிவரும், அதுவும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து.